இடது காலுக்கு வேலை இல்லை: டூயல் கிளட்ச் ஆடி டிடி, பதினோரு மாதம் ஓட்டியபின்

முதல் நாளே கோவை சிங்காநல்லூர் சிக்னலில் மானம் போய்விட்டது. மஞ்சள் விழுந்ததும் வலது கால் பிரேக்குக்குப் போனது, சரி. இருபத்திரண்டு வருடமாகக் கூடவே போய்ப் பழகிய இடது காலும் கிளட்சைத் தேடிக் கிளம்பியது, அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக் பெடலின் ஓரம்தான் இருந்தது, அதையே கிளட்ச் என்று நினைத்து அடிவரை மிதித்துவிட்டது. வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. பின்சீட்டில் இருந்த சாம்பார் பார்சல் பறந்து வந்து கியர் லீவருக்குப் பக்கத்தில் விழுந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் ஒரு முழ இடைவெளியில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஏனுங்க, புது வண்டிங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

புது வண்டி இல்லைங்க. 2016 மாடல் ஆடி டிடி (Audi TT) ஸ்போர்ட்ஸ் கார், 41,000 கிலோமீட்டர் ஓடியதை வாங்கினேன், ஒரு டாப் மாடல் இன்னோவா விலை ஆனது. இப்போது 53,000 காட்டுகிறது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க், நாலு சக்கரத்துக்கும் இழுவை, ஆறு கியர். நூறைத் தொட 5.3 வினாடி என்று கம்பெனிக் கணக்கு, நான் வாட்ச் வைத்துப் பார்த்ததில்லை, பார்க்க நம் ரோடு இடமும் கொடுக்காது. 2023 நவம்பரோடு டிடி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், அதனால் இனி யார் வாங்கினாலும் பழைய வண்டிதான். இன்ஜின், ஸ்டீயரிங், டிசைன் பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது கியர்பாக்ஸைப் பற்றி, அதுவும் மேனுவலிலேயே வளர்ந்த ஒருத்தனுக்கு அது கைவர எவ்வளவு நாள் ஆனது என்பதைப் பற்றி.

ஏனென்றால் வாங்கியதிலிருந்து பார்க்கிற ஆளெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். என் மச்சானும் கேட்டார். "ஆட்டோமேட்டிக்தானே மாப்ளே, மிதிச்சாப் போகுது, இதுல பழகுறதுக்கு என்ன இருக்குது?"

இருக்கிறது. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வர்ட்டர் என்று எண்ணெய் சுழலும் சாமான் ஒன்று உட்கார்ந்திருக்கும். நாம் எவ்வளவு கோணலாக மிதித்தாலும் அந்த எண்ணெய் வாங்கிக்கொண்டு மன்னித்துவிடும். இதில் அது கிடையாது. நம் மேனுவல் வண்டியில் இருக்கிற அதே மாதிரி கிளட்சும் பல்சக்கரமும்தான், என்ன, கிளட்ச் ரெண்டு இருக்கிறது, மிதிப்பது கம்ப்யூட்டர். ஒரு கிளட்சுக்கு 1, 3, 5, அப்புறம் ரிவர்ஸ். இன்னொன்றுக்கு 2, 4, 6. மில்லில் ஷிப்ட் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மெஷின் பக்கத்தில் தயாராக நிற்பார், முந்தின ஆள் கையை எடுக்க எடுக்க இவர் கையை வைப்பார், மெஷின் நிற்பதே இல்லை. மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலாவது போட்டு வைக்கப்பட்டிருக்கும், மாறுகிற நேரத்தில் ஒரு கிளட்ச் விட மற்றது பிடிக்கும், அவ்வளவுதான் வேலை. 80களில் போர்ஷே ரேஸ் வண்டிகளில் வைத்துப் பார்த்த சங்கதி, சாதாரண ஆள் கடையில் வாங்குகிற வண்டிக்கு 2003-ல் வந்தது, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-விலும் இதே டிடியின் முதல் தலைமுறை 3.2 லிட்டர் மாடலிலும்.

இதை அப்பாவிடம் விளக்கினேன். நெகமம் பக்கம் தோட்டத்தில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, நம்ம டிராக்டர்லயும் டூயல் கிளட்சுதான், இதுக்கா அத்தனை காசு?" என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை. டிராக்டர் கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். அங்கே பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பின்னால் ரோட்டாவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், முழுசாக மிதித்தால் ரெண்டும் நிற்கும். பேர் ஒன்று, வேலை வேறு. ஆனால் பாதிக்கும் முழுசுக்கும் வித்தியாசம் தெரிந்து மிதிக்கிற அந்தப் பழக்கம் எனக்கு அப்போது இருந்திருந்தால் பல சங்கடம் மிச்சமாகியிருக்கும்.

சங்கடம் முழுக்க பத்து கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழேதான். வாரத்தில் ரெண்டு நாள் வேலையாகத் திருப்பூர் போகிறேன், மற்ற நாளைக்குப் பழைய ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. சாயங்காலம் கம்பெனி விடுகிற நேரத்தில் புஷ்பா தியேட்டர் ஸ்டாப் பக்கம் மாட்டிக்கொண்டால் தெரியும் சேதி. ரெண்டடி நகரும், நிற்கும், டூவீலர் ஒன்று மூக்குக்கு முன்னால் நுழையும், மறுபடி ஒரு அடி. மேனுவலில் இந்த இடத்தில் இடது கால் தானாக ஹாஃப் கிளட்சில் நின்று வண்டியை ஊர்ந்து கொண்டுபோகும். இங்கே அந்தக் கால் சும்மா கிடக்க, அதன் வேலையையும் சேர்த்து வலது காலிலேயே செய்யப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும், பிரேக்கை அழுத்தியும் அழுத்தாமலும். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. போகச் சொல்கிறானா, நிற்கச் சொல்கிறானா? கிளட்சைக் கொஞ்சம் பிடித்தது, கொஞ்சம் விட்டது, ரெண்டாவது கியருக்கு ஏறியது, உடனே முதலுக்கு இறங்கியது. வண்டி முழுக்க ஒரு நடுக்கம், புதுசாக லைசென்ஸ் வாங்கிய பையன் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. கியர்பாக்ஸ் போய்விட்டது, பழைய வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதல் வாரம் நினைத்தேன்.

அதைவிட மோசம் ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் நடந்தது. டோக்கனைக் கொடுத்து வெளியே வர வரிசை. முன்னால் ஆறு வண்டி. மேட்டில் வண்டி பின்னால் போகாமல் இருக்க, பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்து அப்படியே நிறுத்தி வைத்தேன், மேனுவலில் எல்லோரும் கெத்துக்காகச் செய்கிற அதே வேலை. ரெண்டு நிமிஷத்தில் ஒரு வாசனை வந்தது. வெல்லப்பாகு அடிபிடித்த மாதிரி, கூடவே ரப்பர் கருகிய மாதிரி. முன்னால் நின்ற வண்டியாக இருக்கும் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அது என் வண்டி. இந்த மாடலில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கிற வெட் கிளட்ச், சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு போய்விடும், அதனால் தப்பித்தேன். சின்ன வண்டிகளில் வருகிற ஏழு கியர் டிரை கிளட்சில் இதே வேலையைச் செய்தால் சூட்டை எடுத்துக்கொண்டு போக அங்கே எண்ணெய் கிடையாது.

கணபதியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருத்தர் இருக்கிறார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போனேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன், அவர் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், "வண்டில ஒண்ணும் இல்லீங்ணா. பிரேக்கை மிதிச்சா நல்லா மிதிங்க, விட்டா முழுசா விடுங்க. நடுவுல நிக்காதீங்க" என்றார். பிரேக்கை நன்றாக மிதித்து நின்றால் கிளட்ச் முழுசாகத் திறந்துகொள்ளும், உரசலே இல்லை. முழுசாக விட்டால் தானாக நடை வேகத்தில் நகரும். பாதி மிதித்தால்தான் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு தேய்கிறது. அன்றிலிருந்து டிராஃபிக்கில் ஒன்று செய்கிறேன். முன் வண்டி நகர்ந்த உடனே நகர்வதில்லை. ஒரு வண்டி நீளம் இடம் விழும்வரை பிரேக்கிலேயே இருந்து, அப்புறம் முழுசாக விட்டு, அந்த இடம் முடிகிறவரை நடக்கவிட்டு, மறுபடி முழு பிரேக். நடுக்கம் போயே போச்சு. அந்த ஒரு வண்டி இடத்தில் ரெண்டு ஸ்கூட்டியும் ஒரு ஆட்டோவும் நுழைவார்கள், நுழையட்டும்.

பார்க்கிங்கும் இதே கணக்குதான். ரிவர்ஸில் சுவரை ஒட்டி நிறுத்த ஆக்ஸிலேட்டரைத் தொடவே கூடாது, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தாலே போதும். தோட்டத்து வாசலில் இருக்கிற மேட்டில் மட்டும் கொஞ்சம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் தைரியமாகக் கொடுக்க வேண்டும், பயந்து பயந்து கொடுத்தால் ஏறாமல் முனகும்.

வேகம் எடுத்தபின் வேறு கதை. இங்கே குற்றம் என்மேல் பாதி, தானாகக் கியர் மாற்றிக்கொள்கிற சாதாரண டி மோடுமேல் பாதி. டி-யில் போட்டால் இது சிக்கனக்கார மாமியார். ஐம்பதைத் தாண்டுவதற்குள் ஐந்தாவது, கொஞ்சம் விட்டால் ஆறாவது, இன்ஜின் சத்தமே இல்லாமல் தூங்கும். ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் ரோட்டில் தேங்காய் மட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஆறாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன், மட்டை ரெண்டு பக்கமும் ரோட்டை மறைத்துப் பிதுங்கிக்கொண்டிருந்தது. எதிரே காலி. முழுசாக மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நொடி, சத்தியமாக ஒரு முழு நொடி, எதுவுமே நடக்கவில்லை. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது, முதுகில் யாரோ உதைத்த மாதிரி வண்டி பாய்ந்தது, அதற்குள் எதிரே ஒரு பஸ் தெரிந்துவிட்டது, மறுபடி லாரிக்குப் பின்னாலேயே ஒடுங்கினேன்.

ஏன் அந்த ஒரு நொடி? ஷிப்ட் கதைக்கே வருவோம். அடுத்து வருபவர் மற்ற ஷிப்ட்காரர் என்றால் பிரச்சினை இல்லை, அவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஆறாவதிலிருந்து ரெண்டாவதுக்கு வரச் சொன்னால்? ரெண்டும் ஒரே கிளட்சைச் சேர்ந்த கியர், வேலையில் இருப்பவரும் அடுத்து வர வேண்டியவரும் ஒரே ஆள். நடுவில் இன்னொருத்தரைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் அவர் இடம் மாற முடியும். அதோடு டர்போவும் காற்றை நிரப்பிக்கொண்டு எழ வேண்டும். விளம்பரத்தில் சொல்கிற கண்ணிமைக்கும் கியர் மாற்றம் கம்ப்யூட்டர் எதிர்பார்த்த கியருக்குத்தான், நாம் திடீரென்று கேட்கிற கியருக்கு இல்லை.

இதற்கு வைத்தியம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற பேடில், விரலால் தட்டிக் கியர் மாற்றுகிற சின்னப் பட்டை, இடதைத் தட்டினால் ஒரு கியர் இறங்கும். ஓவர்டேக் பண்ணலாம் என்று மனதில் தோன்றின உடனே, ரோடு காலியாவதற்கு முன்பே, இடது பேடிலை மூன்று தட்டு. ஆறு, ஐந்து, நாலு, மூன்று. இன்ஜின் விழித்துக்கொண்டு காத்திருக்கும். ரோடு காலியானதும் மிதித்தால் அப்புறம் லாரி எங்கே என்று கண்ணாடியில்தான் தேட வேண்டும். மேனுவலில் நாம் எப்போதும் செய்ததுதானே இது, முன்கூட்டியே கியரைக் குறைத்து வைப்பது? ஆட்டோமேட்டிக் என்று பேர் வைத்ததால் அந்த முன்யோசனையை நான்தான் கழற்றி வைத்துவிட்டேன். எஸ் மோடு, அதாவது ஸ்போர்ட், என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டால் எப்போதும் விழித்தேதான் இருக்கும், ஆனால் ஊருக்குள் அந்தப் பரபரப்பு தலைவலி, பெட்ரோலும் குடிக்கும். எனக்கு லிட்டருக்கு ஊருக்குள் எட்டு கிலோமீட்டர், பைபாஸில் பன்னிரண்டு, பதிமூன்று கொடுக்கிறது, 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டு. இதைக் கேட்டு வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை.

சரி, இவ்வளவு புலம்பலுக்கும் பதில் ஆழியாறு தாண்டியதும் கிடைக்கிறது. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட போர்டு. மேனுவலில் அந்த ரோட்டில் போனால் இறங்கும்போது இடது தொடை கெஞ்சும். வளைவுக்கு முன்னால் பிரேக், கிளட்ச், ரெண்டு, திரும்பு, கிளட்ச், மூன்று, உடனே அடுத்த வளைவு. இதில் ரெண்டு கையும் ஸ்டீயரிங்கை விட்டு நகர்வதில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இடது பேடிலைத் தட்டினால் இன்ஜின் தானாக ஒரு உறுமல் போட்டு சுழற்சியைச் சரிசெய்துகொண்டு ரெண்டாவதுக்கு இறங்குகிறது, சக்கரத்தில் ஒரு இழுப்புகூடத் தெரியாது. வளைவைவிட்டு வெளியே வரும்போது மிதித்தால் உடனே பாய்கிறது. பிரேக் பிடித்ததால் கம்ப்யூட்டர் ஏற்கனவே எல்லாம் யோசித்து வைத்திருக்கிறது, டிராஃபிக்கில் குழம்பிய அதே மூளை இங்கே நம்மைவிட ஒரு வளைவு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. ஏழாவது, எட்டாவது வளைவிலெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாவதில் நிறுத்தி அணையைப் பார்த்தோம், பாறையில் வரையாடு ரெண்டு நின்றது.

வீட்டுக்காரம்மாவுக்கு வால்பாறை ரோடு என்றாலே வயிற்றைப் புரட்டும். ஆழியாறிலேயே எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்குக்குக் கொடுத்துவிடுவார். அன்றும் எடுத்தார், நகத்தால் கீறி வைத்துக்கொண்டார். அட்டகட்டி வந்தபோது பார்த்தேன், பழம் மடியில் கிடந்தது, அவர் போனில் யாருக்கோ கூட்டுக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடாததுதான் காரணம் என்று நான் சொல்கிறேன். நான் இந்த முறை மெதுவாக ஓட்டியதுதான் காரணம் என்று அவர் சொல்கிறார்.

மலை இறங்கும்போது ஒரு எச்சரிக்கை. டி-யில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மேல் கியருக்குப் போய்விட்டால் பாரம் முழுக்க பிரேக்குக்கு வரும். பேடிலில் ரெண்டாவதிலேயே பிடித்து வைத்தால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கிறது, பிரேக்குக்கு வளைவில் மட்டும்தான் வேலை. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், அது எந்த கியர்பாக்ஸாக இருந்தாலும்.

பராமரிப்பு. இந்த ஆறு கியர் வெட் கிளட்ச் பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஊரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தபோது, "அது சீல்டுங்க சார், லைஃப் டைம் ஆயில், தொடவே வேண்டாம்" என்று ஏசி ரூமில் உட்காரவைத்து காபி கொடுத்துச் சொன்னார்கள். யாருடைய லைஃப் டைம் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நம் டிராஃபிக்கில் ஓடுகிற வண்டிக்கு 60,000 வரை காத்திருக்காமல் 50,000-லேயே மாற்றிவிட்டேன், கணபதித் தம்பியிடம். பார்க்கச் சுவாரசியமான வேலை. எண்ணெயை ஊற்றிவிட்டு மூடிவிட முடியாது. இன்ஜினை ஓடவிட்டு, லேப்டாப்பில் எண்ணெய்ச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, 35 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போது கீழே திறந்து, அதிகப்படி சொட்டி முடிந்ததும் மூடுகிறார்கள். வெளியே வந்த பழைய எண்ணெய் கடுங்காபி நிறத்தில் இருந்தது. மாற்றியபின் ஒன்றிலிருந்து ரெண்டுக்கு மாறுவது இன்னும் மென்மையாகிவிட்டது போலத் தோன்றுகிறது, காசு கொடுத்ததால் தோன்றுகிறதோ என்னவோ. பழைய வண்டி பார்க்கிறவர்கள் ஷோரூம் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் இந்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் டெஸ்ட் டிரைவில் வேகமாக ஓட்டி மயங்காதீர்கள், ஒரு மேட்டில் நிறுத்தி மெதுவாக எடுத்துப் பாருங்கள், ரிவர்ஸில் ஊர்ந்து பாருங்கள். கிளட்ச் தேய்ந்திருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

மற்றபடி எல்லாம் ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய தொல்லை. பின்சீட்டு என்பது பைகளுக்கும் சாம்பார் பார்சலுக்கும்தான். ஊர்க்காரர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட வேகத்தடைகளைக் குறுக்காகத்தான் ஏற வேண்டும். அம்மா ஒரே ஒருமுறை உட்கார்ந்தார், "கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்குது கண்ணு" என்றார், அப்புறம் கூப்பிட்டாலும் வருவதில்லை. இன்னொரு தொல்லை யாரும் சொல்லாதது. மூன்று மாதம் ஆனபோது இடது கால் ஒருவழியாக அடங்கியது, அன்றிலிருந்து ஸ்விஃப்டை எடுத்தால் சிக்னலில் கிளட்சை மிதிக்க மறந்து ஆஃப் ஆகிவிடுகிறது.

போன மாதம் அப்பா தோட்டத்தில் இந்த வண்டியின் சாவியைக் கேட்டார். இடது முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ரெண்டு வருடமாக அவர் கார் ஓட்டவில்லை, டிராக்டரையும் ஆள் வைத்துத்தான் ஓட்டுகிறார், கழுவுவதோடு சரி. சீட்டில் இறங்கி உட்காரவே அஞ்சு நிமிஷம், ஒரு கை என் தோளில். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கை எப்படி விட வேண்டும், ஆக்ஸிலேட்டரை எப்போது தொட வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. பிரேக்கை முழுசாக விட்டார். வண்டி தானாகத் தென்னை வரிசைக்கு நடுவே நடந்தது. மேடு வந்ததும் ஒரே மிதி, தயக்கமே இல்லை, ஏறிப் போய்விட்டது. மெயின் ரோட்டு பேக்கரிவரை போய் ரெண்டு டீ சொன்னோம். அவர் இறங்கவில்லை, டீயை வண்டிக்கே கொண்டுவரச் சொன்னார். இடது கால் கீழே நீட்டியபடி அப்படியே கிடந்தது, அதற்குக் கொடுக்க வேலை எதுவும் இல்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வியாழக்கிழமை பொள்ளாச்சி சந்தைக்குப் போகோணும், இதையே எடுத்துக்கட்டுமா சாமி?" என்றார்.

அந்த வியாழக்கிழமை நான் திருப்பூருக்கு ஸ்விஃப்டில் போனேன். ரெண்டு இடத்தில் ஆஃப் ஆனது.